பற்றவைத்தவர்களுக்கு, புகைந்துகொண்டிருப்பவன் எழுதும் மடல்

மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்களையெல்லாம் ஒரு கூடத்தில் உட்காரவைத்து 2 மணி நேரம் வகுப்பு எடுத்தீர்கள். சக ஊழியரின் வளர்ச்சியை மனதார வரவேற்பது எப்படி என்பது தலைப்பு. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணை மூடச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், நமக்கு ஒத்துவராத சக ஊழியர் ஒருவரை மனதில் நிறுத்தி 'அவர் நன்றாக இருக்கட்டும்' என்று 3 முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணைத் திறந்தால் எதிர் வரிசையில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் யாரை நினைத்துச் சொன்னார், நான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று இருவருக்குமே புரிந்துபோய், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வகுப்பில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வெளியே வரும்போது ஒரு படிவம் கொடுத்தீர்கள். வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடவும். 4 போட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது, ஆனால் படிவத்தை வாங்கியவர் வரிசையாக எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்களுக்குள் பொறாமை இருக்கிறது. நிறையவே இருக்கிறது. "எனக்கெல்லாம் அது கிடையாதுப்பா, நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கிறவன்" என்று சொல்கிற ஆளைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன், ஏனென்றால் அப்படிச் சொல்லிக்கொண்டு பல வருடம் திரிந்தவன் நான்.

கணக்குப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். 5 வருடங்களுக்கு முன்னால், எனக்கு 4 வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை எங்களுக்கு டீம் லீட் ஆக்கினீர்கள். வெள்ளிக்கிழமை மாலை 5:40க்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்து மொத்தம் 3 வரி. அவர் பெயர் இருந்தது, பதவி இருந்தது, எந்தத் தேதியிலிருந்து என்பது இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை. இரண்டே நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் கொட்ட ஆரம்பித்தன. நானும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டேன். போடுவதற்கு முன்னால், யார் யார் போட்டிருக்கிறார்கள், எத்தனையாவது ஆளாகப் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று உட்கார்ந்து யோசித்தேன். முதல் ஆளாகப் போட்டால் நடிப்பு, கடைசி ஆளாகப் போட்டால் வயிற்றெரிச்சல். ஆறாவதாகப் போட்டேன்.

அடுத்து மாதக் கணக்கு முடிக்கும் நாள் வந்தது. எங்கள் மாத முடிவு எக்ஸெல் கோப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. சப்ளையர்களின் பழைய குறியீட்டையும் புதிய குறியீட்டையும் பொருத்துவதற்கென்று ஒரு தனி ஷீட் இருக்கிறது, அதுவும் மறைத்து வைத்த ஷீட், அதை ஒவ்வொரு மாதமும் கையால் புதுப்பிக்காவிட்டால் கடைசியில் மொத்தத் தொகை உதைக்கும். அதைச் செய்து வந்தவன் நான். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. புது டீம் லீட் என் மேசைக்கு வந்து, "அண்ணா, இந்த மாசம் நானே முடிச்சுப் பார்க்கிறேன், ஏதாவது கவனிக்கணுமா?" என்று கேட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெருசா ஒண்ணுமில்ல, வழக்கம்போலதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை பாருங்கள். வழக்கம்போலதான். என்ன, அந்த வழக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

6 மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் இரவு 11 மணிவரை உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடிக்கொரு தரம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடுவார், கூப்பிட்டால் சொல்லிவிடலாம் என்று ஒரு பக்கம், கூப்பிட்டுக் கெஞ்சட்டுமே என்று இன்னொரு பக்கம். அவர் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கோப்பு சரியாக முடிந்திருந்தது. தானே தோண்டிக் கண்டுபிடித்துவிட்டார். என் மேசைக்கு வந்து, குரலைக்கூட உயர்த்தாமல், "அந்த ஷீட் உங்களுக்குத் தெரியும்லண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல நான் ஏழெட்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

இதை எழுதுவது பாவமன்னிப்புக் கேட்பதற்காக இல்லை, அதை அவரிடமே கேட்டாகிவிட்டது. இதில் உங்கள் பங்கு ஒன்று இருக்கிறது, அதைக் காட்டத்தான்.

பொறாமை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பொறுக்க முடியாமை. எதைப் பொறுக்க முடியவில்லை என்பது சொல்லுக்குள் இல்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடமே கேட்டேன். அவருக்குச் சம்பளம் கூடியதையா? இல்லை, அவருக்கு எவ்வளவு கூடியது என்றுகூட எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கத்து இருக்கையையா? கொஞ்சம், ஆமாம். ஆனால் உண்மையில் பொறுக்க முடியாமல் போனது அந்த 3 வரி. அப்போது 9 வருடம் அங்கே குப்பை கொட்டியிருந்தேன். உனக்கு ஏன் இல்லை, உன்னிடம் என்ன குறை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலி இடத்தை நான் நிரப்பிக்கொண்டேன். காலி இடம் கிடைத்தால் மனிதன் அதில் நல்லதையா எழுதுவான்? சோப்பு போட்டிருப்பாள், ஜால்ரா அடித்திருப்பாள் என்று ஆரம்பித்து, இங்கே எழுதக் கூசுகிற இடம்வரை போனோம். போனோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடைவேளையில் படிக்கட்டுப் பக்கம் நின்று இதைப் பேசியது நான் ஒருவன் மட்டுமில்லை. ஒரு பெண் மேலே போனால் அலுவலகப் படிக்கட்டு என்ன பேசும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் ஒரு காலத்தில் அங்கே நின்றவர்கள்தானே.

ஒரு வருடம் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் மேலாளர் போகிற போக்கில் சொன்னார், தணிக்கையாளர்கள் எழுப்பிய கேள்விகளுக்கெல்லாம் 8 மாதம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பதில் தயாரித்தது அந்தப் பெண்தான் என்று. இரவு நேர அழைப்புகள் எல்லாம் அவர் தலையில்தானாம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கண்ணில் பட்டது, அவர் அடிக்கடி மேலாளர் அறைக்குள் போய் வந்தது மட்டும்தான்.

அந்தச் சேதியை அன்றைய மின்னஞ்சலில் நான்காவது வரியாகப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

போட்டிருந்தாலும் எனக்குப் புகைந்திருக்கும், மறுக்க மாட்டேன். 8 மாதம் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் நானும்தான் செய்திருப்பேன் என்று நினைத்திருப்பேன். ஆனால் அந்த நினைப்போடு நான் உங்கள் கதவைத் தட்டியிருப்பேன், அடுத்த முறை அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருப்பேன். ஷீட்டை ஒளித்திருக்க மாட்டேன். டச்சு மொழியில் பொறாமைக்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. அவனைப்போல நாமும் ஏற வேண்டும் என்று உந்துவது ஒன்று, அவன் இறங்கினால் போதும் என்று நினைப்பது இன்னொன்று. நீல்ஸ் வான் டி வென் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2009ல் இந்த இரண்டும் வெவ்வேறு அனுபவங்கள்தான் என்று ஆய்வு செய்து காட்டினார்கள். எது எப்போது வரும் என்பதற்கு அவர்கள் பிறகு சொன்ன முக்கியமான காரணம், மற்றவருக்குக் கிடைத்தது அவருக்குத் தகுதியானதுதான் என்று நமக்குத் தோன்றுகிறதா இல்லையா என்பது. தகுதி இருந்தால் மட்டும் போதாது, அது எங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதைத் தெரியவைக்கிற சாவி உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் அதை ரகசியம் என்ற பெயரில் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறீர்கள்.

இன்னொன்று. நிறுவனத் தலைவரைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவதில்லை. அவர் சம்பளத்தில் எத்தனை சைபர் என்பது எங்களுக்கு வானிலைச் செய்தி மாதிரி, கேட்போம், ஓ என்போம், வேலையைப் பார்ப்போம். எங்களுக்கு எரிவதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துத்தான். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதிவிட்டார், மனிதர்கள் தங்களை அளந்துபார்க்கத் தங்களைப் போன்றவர்களைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள் என்று. ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே வரிசையில் நாற்காலி. பொறாமை வளர இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. சரி, இது உங்கள் குற்றமில்லை, அலுவலகம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட நிலத்தில் என்ன விதை போடக்கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

பதவிகளை நிறைய உண்டாக்கிவிட்டால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்து, சீனியர், சீனியர் 2, அசோசியேட் லீட், லீட் என்று படி மேல் படியாக அடுக்குகிறீர்களே, அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சாமுவேல் ஸ்டஃபர் என்ற சமூகவியலாளரின் குழு சிப்பாய்களிடம் பெரிய அளவில் ஆய்வு நடத்தியது. விமானப் பிரிவில் பதவி உயர்வு மளமளவென்று கிடைத்துக்கொண்டிருந்தது, ராணுவக் காவல் பிரிவில் ஆமை வேகம். ஆனால் பதவி உயர்வு முறையைப் பற்றி அதிகம் குறைப்பட்டவர்கள் விமானப் பிரிவினர்தான். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. யாருக்கும் கிடைக்காத இடத்தில் உனக்குக் கிடைக்காவிட்டால் அது நிலவரம், எல்லோருக்கும் கிடைக்கிற இடத்தில் உனக்கு மட்டும் கிடைக்காவிட்டால் அது அவமானம்.

அப்புறம், வேலை மதிப்பீட்டில் எங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிற அந்த மதிப்பெண் கோடு. எங்கள் பிரிவில் 11 பேர். 'எதிர்பார்ப்பை மிஞ்சியவர்' என்ற பெட்டியில் 2 பேருக்கு மேல் போடக்கூடாது, கீழ்ப் பெட்டியில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். நார்மலைசேஷன் என்று அதற்கு நீங்கள் வைத்திருக்கிற பெயரே ஒரு நகைச்சுவை. இதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமையில் ஊழியர்களை 20, 70, 10 விழுக்காடு என்று மூன்று பங்காகப் பிரித்து அடியில் உள்ள 10 விழுக்காட்டினரை வெளியே அனுப்பும் வழக்கம் புகழ்பெற்றது, அதைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் காப்பியடித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதுபோன்ற தரவரிசை முறையை வைத்திருந்து, ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதற்குத்தான் அது வழிசெய்கிறது என்ற விமர்சனங்களை வாங்கிக் கட்டிக்கொண்டு, 2013ல் அதைக் கைவிட்டது. நீங்கள் இன்னும் விடவில்லை. பக்கத்தில் இருப்பவர் நன்றாகச் செய்தால் என் மதிப்பெண் இறங்கும் என்று நீங்களே சட்டம் போட்டுவிட்டு, அவருக்கு மனதாரக் கைதட்டச் சொல்லி வகுப்பும் எடுக்கிறீர்கள். நான் ஒளித்த அந்த ஷீட்டை வேறு கோணத்தில் பாருங்கள். உங்கள் கணக்குப்படி அது புத்திசாலித்தனம். அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு எந்தப் பெட்டியிலும் அரை மதிப்பெண்கூட வந்திருக்காது.

மாதத்தின் சிறந்த ஊழியர் புகைப்படத்தைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம், வேண்டாம். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். போன மாதம் அதில் இருந்தவர் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறி வர ஆரம்பித்தார். ஏன் என்று நீங்கள் கேட்டீர்களா?

பொறாமைக்கு ஆளாகிறவன் பக்கமும் நின்றிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். 2 வருடங்களுக்கு முன்னால் கணினி முறையை மாற்றுகிற பெரிய வேலைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வாரமே ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "இவரைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த கணத்தில் அறைக்குள் ஒரு சத்தமில்லாத சத்தம் கேட்டது, நான் கேட்டேன், நீங்கள் அதற்குள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எனக்குக் குழி பறிக்கவில்லை, யாரும் வத்தி வைக்கவில்லை. மின்னஞ்சல்களில் என் பெயர் விட்டுப்போக ஆரம்பித்தது. கேட்டால் "ஓ, சேர்க்க மறந்துட்டேனா, சாரி". நான் போய் நின்றால் பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவியது. தினமும் மாலையில் எனக்காகக் காத்திருந்து சேர்ந்தே கிளம்புகிற நண்பன் ஒருவன், 6 வருடப் பழக்கம், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி 10 நிமிடம் முன்னாலேயே போக ஆரம்பித்தான். தினமும் அவசரம். இதையெல்லாம் எந்தப் புகார்ப் படிவத்தில் எழுதுவது? 'என் நண்பன் 10 நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறான்' என்று எழுதிக் கொடுத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

3 மாதம் கழித்து அவனாகத்தான் உடைத்தான். மழைக்கு ஒதுங்கி இருவரும் வாசலில் மாட்டிக்கொண்ட ஒரு நாள், தெருவைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் கஷ்டமாத்தான்டா இருந்துச்சு, நானும் அந்த வேலையைக் கேட்டிருந்தேன், உங்கிட்ட சொல்லல" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கேட்டிருந்தான் என்றே எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் கேட்டதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை, என் பெயர் வந்த அறிவிப்புதான் அவனுக்கு வந்த பதில். நீங்கள் அவனை உள்ளே கூப்பிட்டு 10 நிமிடம் பேசியிருந்தால், எங்கள் நட்பில் 3 மாதம் மிஞ்சியிருக்கும்.

இங்கே குரங்குக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட சோதனை. கபுச்சின் குரங்குகள் ஆய்வாளர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு துண்டு வெள்ளரி கிடைக்கும், சந்தோஷமாகத் தின்னும். பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுப்பதைப் பார்த்துவிட்டால், பல நேரம் வெள்ளரியை வேண்டாம் என்றுவிடும், தூக்கி எறிந்தும்விடும். குரங்கின் மனதில் ஓடியது என்ன என்பதில் அறிஞர்களுக்குள் வாக்குவாதம் உண்டு, அது கிடக்கட்டும். டி வால் பிற்பாடு ஒரு மேடையில் போட்டுக்காட்டிய காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டமே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு அடங்கியபிறகுதான் ஒன்று பட்டது. அந்தக் குரங்கு வெள்ளரியைப் பக்கத்துக் குரங்கின்மேல் எறியவில்லை. கொடுத்த கையைப் பார்த்து எறிந்தது.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள்மேல் எறிந்தால் வேலை போகும். அதனால் பக்கத்தில் இருப்பவர்மேல் எறிகிறோம்.

எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டால் தீர்ந்துவிடும், எல்லோர் சம்பளத்தையும் சுவரில் ஒட்டிவிடலாமே என்று கேட்பீர்கள், கேட்கிற தொனியும் எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்தவன்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் செய்து 2012ல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தபிறகு கொஞ்சம் நிதானித்தேன். சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய இணையதளம் ஒன்று இருக்கிறது என்று ஒரு பகுதி ஊழியர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் தெரிவித்தார்கள். தன் பிரிவில் நடுமட்டத்துக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வேலையில் இருந்த திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்கு அப்படியொன்றும் கூடுதல் சந்தோஷம் வந்துவிடவில்லை. எண்ணை மட்டும் காட்டினால் புண்ணைக் கீறிவிட்ட கதைதான். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தையும் காட்ட வேண்டும், காட்ட முடியாத காரணமாக இருந்தால் அதைத் திருத்த வேண்டும். உண்மையில் நீங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்று எனக்கொரு சந்தேகம். சில முடிவுகளுக்கு உங்களிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

பொறாமை என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்துகிற விதம்பற்றியும் ஒரு வார்த்தை. தான் தயாரித்த அறிக்கை இன்னொருவர் பெயரில் மேலே போனது என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னார். "உங்களுக்கு அவர்மேல கொஞ்சம் பொறாமைன்னு நினைக்கிறேன்" என்று அனுப்பிவைத்தீர்கள். கோப்பில் யார் எப்போது திருத்தினார்கள் என்ற விவரமெல்லாம் அப்படியே இருக்கிறது, திறந்து பார்க்க 2 நிமிடம் ஆகாது. அதே போல, ஒருவர் புதிதாக வந்தவருக்கு வேண்டுமென்றே தவறான தேதியைச் சொன்னதால், அந்தப் புதியவர் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். அதற்கும் நீங்கள், "அவங்களுக்குள்ள ஏதோ பொறாமை, பேசித் தீர்த்துப்பாங்க". முதல் விஷயத்தில் நியாயமான புகாரை அமுக்க அந்தச் சொல், இரண்டாவதில் அயோக்கியத்தனத்தை மன்னிக்க அதே சொல். மனதுக்குள் புகைவதை நீங்கள் விசாரிக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். கையால் செய்ததை விசாரிக்கலாம். நான் ஷீட்டை ஒளித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டும். யாரும் விசாரிக்கவில்லை, அந்தப் பெண் போட்டுக்கொடுக்கவும் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதவி உயர்வு அறிவிக்கும்போது ஏன் என்று 2 வரி சேருங்கள், 'கடின உழைப்பு, அர்ப்பணிப்பு' என்று கல்வெட்டு மாதிரி எழுதாமல், எந்த வேலையை எத்தனை மாதம் செய்தார் என்று எழுதுங்கள். அறிவிப்பு வருவதற்கு முன்னால், கேட்டிருந்து கிடைக்காதவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த முறைக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒருவரைப் பாராட்ட இன்னொருவர் தலையை ஏணியாக்காதீர்கள். புதிதாக மேலே போனவரை, நேற்றுவரை உடன் இருந்தவர்கள் நடுவில் தன்னந்தனியாக விட்டுவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், முதல் 2 மாதக் கணக்கு முடிப்புக்காவது யாராவது ஒருவர் கூட உட்காருங்கள். அந்தப் புகைப்படத்தைக் கழற்றுங்கள். பெட்டிக்கணக்கை விடுவது உங்கள் மட்டத்தில் முடியாது என்றால், முடியாது என்றாவது எங்களிடம் சொல்லுங்கள், அதுவே எவ்வளவோ மேல்.

எங்கள் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரே கை வைத்தியம், புகைய ஆரம்பித்ததும் படிக்கட்டுப் பக்கம் போகாமல் சம்பந்தப்பட்டவரிடமே போய், "இதை எப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்பது. முதல் தடவை தொண்டையில் முள் மாதிரி இருக்கும். பாதிப் பேர் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள், சொல்லும்போதே அவர்கள் பட்ட பாடும் வெளியே வந்துவிடும், பிறகு முழுசாக எரிச்சல்படவும் முடியாது. மீதிப் பேர் மழுப்புவார்கள். என்னை மாதிரி, வழக்கம்போலதான் என்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இந்த வருடப் பட்டியல் வருகிறது என்று கேள்வி. அதில் என் பெயர் இல்லை என்று எனக்கு ஒருமாதிரி தெரிந்துவிட்டது, இடைவேளையில் மேலாளர் என்னைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்ட விதத்திலேயே. யாருடைய பெயர் இருந்தாலும் சரி, மாத முடிவுக் கோப்பில் மறைந்திருந்த ஷீட்டை வெளியே எடுத்துவிட்டேன், முதல் வரிசைக்கு மஞ்சள் நிறம் பூசி, எந்தத் தேதியில் யாரிடமிருந்து குறியீட்டுப் பட்டியலை வாங்க வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும், தொகை உதைத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, எல்லோரும் திறக்கிற கோப்புறையில் போட்டிருக்கிறேன். என் பெயரும் அதன் அடியில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவிலிருந்து ஒருவன்